டிவிக்காக வெட்டித் தைத்த ஆட்டம்: கபடியும் ரக்பி லீக்கும்

ப்ரோ கபடி பார்க்கிறவர்கள் கவனித்திருப்பீர்கள். ரைடர் கோட்டைத் தாண்டியதும் திரையில் ஒரு கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். 30, 29, 28... அது பூஜ்யத்தைத் தொடுவதற்குள் அவர் திரும்பி வந்தாகணும். சின்ன வயசில் நாம ஆடின சடுகுடுவில் இந்தக் கடிகாரம் கிடையாது. அங்கே மூச்சுதான் கடிகாரம். பாட்டு அறுந்தா ஆள் அவுட், அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் இந்த 30 நொடி? இதுக்குப் பதில் தேடிப் போனதில் நான் வந்து நின்ற இடம் இங்கிலாந்தின் வடக்குப் பகுதி, 1966ஆம் ஆண்டு, ரக்பி லீக் என்ற ஆட்டம். கபடிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறைய இருக்கு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில், ரக்பி லீக் என்றால் என்ன?

ரக்பியில் இரண்டு வகை. ரக்பி யூனியனில் ஓர் அணிக்கு 15 பேர், ரக்பி லீக்கில் 13 பேர். இரண்டும் ஒரே குடும்பம்தான், 1895இல் பாகப்பிரிவினை ஆகிவிட்டது. பிரிவினைக்குக் காரணம் கூலி.

இங்கிலாந்தின் வடக்கில் ரக்பி ஆடியவர்களில் பலர் நிலக்கரிச் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமை மேட்ச் ஆடப் போனால் அன்றைய கூலி போச்சு. இழந்த கூலியையாவது ஈடு கட்டுங்கள் என்று வடக்குக் கிளப்புகள் கேட்டன. ஆட்டத்துக்குக் காசு வாங்குவது கௌரவக் குறைவு என்று மேல்தட்டு நிர்வாகம் மறுத்துவிட்டது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் இருபதுக்கும் மேற்பட்ட கிளப்புகள் கூடி, தனியாகப் போய்விட்டன. இழந்த கூலிக்கு ஈடாக நாளொன்றுக்கு 6 ஷில்லிங் என்று முடிவு செய்தார்கள். அந்தக் கூட்டத்தில் பிறந்ததுதான் பின்னாளில் ரக்பி லீக் ஆனது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் ஆடும் பசங்களைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம். லீவு போட்டால் சம்பளம் கட், கால் சுளுக்கினால் அந்த வாரமே கட்.

ஒரு டிவி அதிகாரி போட்ட விதை

1964இல் பிபிசி தன் இரண்டாவது சேனலைத் தொடங்கியது. கொஞ்ச நாளில் அதன் பொறுப்புக்கு வந்தவர் டேவிட் அட்டன்பரோ. ஆமாம், நாம காட்டு விலங்குப் படங்களில் பார்க்கிற அதே அட்டன்பரோதான். புது சேனலுக்குப் புது நிகழ்ச்சி வேணும், அதுவும் வார நாள் இரவில். 1965இல் மின்விளக்கு வெளிச்சத்தில் ஆடும் ஒரு ரக்பி லீக் போட்டித் தொடரை பிபிசி2 ஆரம்பித்தது. தொடரின் பெயரிலேயே சேனல் பெயரும் விளக்கும் இருந்தன: பிபிசி2 ஃப்ளட்லிட் டிராஃபி. மைதானத்தில் விளக்கு வைத்திருக்கும் கிளப்புகளுக்குத்தான் இடம். ஆட்டத்துக்காக டிவி வந்தது போய், டிவிக்காக மைதானத்தில் கம்பம் நட ஆரம்பித்தார்கள்.

அப்போது ரக்பி லீக்கில் ஒரு பழைய வியாதி இருந்தது. பந்து வைத்திருக்கும் அணியை எதிரணி பிடித்துக் கீழே தள்ளினாலும், பந்து அவர்களிடமே இருக்கும். எத்தனை முறை தள்ளினாலும் சரி, கணக்கே கிடையாது. முன்னிலையில் இருக்கிற அணி என்ன பண்ணும்? பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ரெண்டடி ஓடி விழுந்து, எழுந்து, மறுபடி ரெண்டடி ஓடி விழுந்து, நேரத்தை ஓட்டிவிடும். மைதானத்தில் நிற்கிற ரசிகனாவது பொறுத்துக்கொள்வான். வீட்டில் இருப்பவன் சேனலை மாற்றிவிடுவான்.

1966 அக்டோபரில் இந்த ஃப்ளட்லிட் டிராஃபியில் ஒரு புது விதியைச் சோதனைக்கு விட்டார்கள். நாலு டேக்கிள்தான், அதுக்கு மேல் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஸ்க்ரம். நாலு முயற்சிக்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்றதும் ஆட்டத்தின் வேகமே மாறிப்போச்சு. கொஞ்ச காலத்தில் லீக் முழுக்க அதை ஏற்றுக்கொண்டது. நாலு ரொம்பக் குறைவு, அவசரமாக இருக்கிறது என்று 1970களின் தொடக்கத்தில் ஆறாக மாற்றினார்கள். இன்று வரை ரக்பி லீக்கின் அடிப்படை விதி ஆறு டேக்கிள்தான். அது முதலில் ஓடிப் பார்த்த இடம் ஒரு டிவி தொடர்.

அதே வியாதி, அதே மருந்து

இப்போ கபடிக்கு வருவோம். கபடியிலும் இதே வியாதி உண்டு. பழைய முறையில் முன்னிலையில் இருக்கும் அணியின் ரைடர் எதிர்ப்பக்கம் போவார், ஒரு கோட்டைத் தொட்டுவிட்டு, யாரையும் தொடாமல் திரும்பி வருவார். வெறும் ரைடு. அடுத்தவரும் அப்படியே. பத்து நிமிஷம் இப்படி ஓட்டினால் மேட்ச் முடிஞ்சது. கிராமத்து மைதானத்தில் சுற்றி நிற்கும் கூட்டம் கத்திக் கத்தியே ரைடரை உள்ளே தள்ளும். ‘போடா உள்ள’ என்று ஒரு பெருசு சத்தம் போட்டால் போகாமல் இருக்க முடியாது. டிவி பார்ப்பவனுக்கு அந்த அதிகாரம் இல்லை.

2014 ஜூலை 26 அன்று மும்பையில் ப்ரோ கபடி லீக் எட்டு அணிகளோடு தொடங்கியபோது, ஆட்டம் இப்படி இருந்தது:

30 நொடி ரைடு. மூச்சு எவ்வளவு பிடித்தாலும் 30 நொடிதான்.

டூ ஆர் டை ரைடு. ஓர் அணி அடுத்தடுத்து இரண்டு வெறும் ரைடு போனால், மூன்றாவதில் கட்டாயம் புள்ளி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் ரைடர் அவுட், எதிரணிக்கு ஒரு புள்ளி.

சூப்பர் டேக்கிள். களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும் அணி ரைடரைப் பிடித்தால் ஒரு புள்ளி கூடுதல். தோற்றுக்கொண்டிருக்கும் அணி கடைசி வரை உயிரோடு இருக்க இது ஒரு வழி.

டூ ஆர் டை விதியைப் பாருங்கள். நாலு டேக்கிள் விதியின் தம்பி மாதிரி இருக்கும். ‘உனக்குக் கிடைத்த வாய்ப்புக்குக் கணக்கு உண்டு, அதுக்குள்ள ஏதாவது செய்’ என்பதுதான் இரண்டின் சாரமும். ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரே நெருக்கடி இரண்டு நாட்டில், ஐம்பது வருஷ இடைவெளியில், ஒரே மாதிரி தீர்வைக் கொண்டுவந்திருக்கிறது.

மென்பொருள் வேலை பார்ப்பதால் எனக்கு இதில் கணக்கும் பிடிக்கும். ஒரு மேட்ச் 20 நிமிஷம் வீதம் இரண்டு பாதி, மொத்தம் 2400 நொடி. அதை 30ஆல் வகுத்தால் 80. அதாவது ஒவ்வொரு ரைடும் முழு நேரம் எடுத்தாலே கிட்டத்தட்ட 80 ரைடு நடக்கும். ஒவ்வொன்றும் தனித்தனிக் குட்டிக் கதை, அரை நிமிஷத்தில் முடிவு தெரிந்துவிடும். இடைவேளை, ரிவ்யூ, விளம்பரம் எல்லாம் சேர்த்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் மேட்ச் ஏறக்குறைய அடங்கிவிடும். எட்டு மணிக்கு ஒன்று, ஒன்பது மணிக்கு இன்னொன்று என்று டிவிக்காரர் நிம்மதியாக அட்டவணை போடலாம். முன்பு ஆட்டத்தின் நீளத்தை ஆட்டக்காரனின் நுரையீரல் தீர்மானித்தது. இப்போ நிகழ்ச்சி நிரல் தீர்மானிக்கிறது.

இந்த வரிசையில் புதுசு 2025இல் வந்த இந்தியாவின் ரக்பி பிரீமியர் லீக். இது லீக் வகை ரக்பி இல்லை, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ். உலகம் முழுக்க செவன்ஸ் மேட்ச் ஏழு நிமிஷம் வீதம் இரண்டு பாதி. இங்கே நாலு நிமிஷம் வீதம் நாலு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு இடைவெளி இருந்த இடத்தில் மூன்று இடைவெளி. ஏன் என்று விளம்பரம் விற்பவரைக் கேட்டால் சிரிப்பார்.

கூட்டம் எவ்வளவு, காசு எவ்வளவு

முதல் சீசனை 43.5 கோடிப் பேர் பார்த்தார்கள் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. ஐபிஎல்லுக்கு அடுத்த இடம் என்றார்கள். இந்த எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கணும். இது ‘ரீச்’. சீசன் முழுக்க எப்போதாவது அந்தப் பக்கம் வந்து கொஞ்ச நேரம் நின்றவரும் இதில் ஒருவர், தினமும் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து முழுசாகப் பார்த்தவரும் ஒருவர்தான். ஆனாலும் இவ்வளவு பேர் கபடியில் வந்து ஒரு நிமிஷமாவது நின்றார்கள் என்பதே பெரிய விஷயம். 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி சேர்ந்ததிலிருந்து நம் ஆண்கள் அணி தொடர்ந்து தங்கம் வாங்கியது. நாலு வருஷத்துக்கு ஒருமுறை செய்தியில் ஒரு வரி வரும். அதைத் தாண்டி டிவியில் கபடிக்கு இடமில்லாமல்தான் இருந்தது.

காசும் வந்தது. 2014 ஏலத்தில் அதிக விலைக்குப் போனவர் ராகேஷ் குமார், 12.8 லட்சம். 2018இல் மோனு கோயத் 1.51 கோடி. 2023இல் பவன் செராவத் 2.605 கோடி. அதற்கு முந்தைய தலைமுறைக்குக் கபடி என்றால் ரயில்வே, போலீஸ், வங்கியில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை, அவ்வளவுதான். 1895இல் கேட்ட ‘இழந்த கூலி’க்கு இங்கே 2014க்குப் பிறகுதான் பதில் கிடைத்தது. டிவியைக் குறை சொல்கிற எவரும் இந்தப் பத்தியைத் தாண்டிப் போக முடியாது. தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து போன தர்மராஜ் சேரலாதன், 2016இல் பாட்னா பைரேட்ஸுக்கு கேப்டனாக இருந்து கோப்பை வாங்கினார். அவர் மாதிரி ஆட்கள் முன்பும் இருந்தார்கள். அவர்களை நாடே பேர் சொல்லிக் கூப்பிட்டதற்குக் காரணம் டிவி.

ஒரே முதலாளி

இனிதான் கதையின் முக்கியமான இடம்.

ப்ரோ கபடியை உருவாக்கியது மஷால் ஸ்போர்ட்ஸ் என்ற நிறுவனம். ஆனந்த் மகிந்திராவும் வர்ணனையாளர் சாரு சர்மாவும் தொடங்கியது. 2015இல் அதன் 74 சதவீதப் பங்கை ஸ்டார் இந்தியா வாங்கியது. அதாவது மேட்ச்சைக் காட்டுகிற சேனலே லீக்கின் பெரும்பங்கு முதலாளி. கிரிக்கெட்டில் சேனல் மாறலாம், கிரிக்கெட் வாரியம் அப்படியே இருக்கும். இங்கே வாடகைக்கு வந்தவரே வீட்டை வாங்கிவிட்டார்.

அன்று ஸ்டாருக்குப் பின்னால் இருந்தவர் ரூபர்ட் முர்டாக். இதே முர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷன்தான் 1995இல் இங்கிலாந்து ரக்பி லீக்குக்கு ஐந்து வருஷத்துக்கு 8.7 கோடி பவுண்டு தருகிறேன் என்றது. அதனால் என்னென்ன நடந்தது?

நூறு வருஷமாகக் குளிர்காலத்தில் ஆடிய ஆட்டம் 1996இல் கோடைக்கு மாறியது. சூப்பர் லீக் என்று புதுப் பெயர். பாரிஸில் ஒரு புது அணியை உருவாக்கினார்கள், அது இரண்டே சீசனில் மூடப்பட்டது. பக்கத்துப் பக்கத்து ஊர்க் கிளப்புகளை ஒன்றாக இணைக்கவும் திட்டம் போட்டார்கள். வேக்ஃபீல்டு, காசில்ஃபோர்டு, ஃபெதர்ஸ்டோன் மூன்றையும் சேர்த்து ‘கால்டர்’ என்று ஒரு அணி! ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மூன்று ஊர் டீமையும் கலைத்து ‘கூவம்’ என்று பேர் வைத்தால் எப்படி இருக்கும்? அங்கேயும் அப்படித்தான் கொதித்தார்கள். ரசிகர்கள் போராடி அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள்.

ஆஸ்திரேலியாவில் இன்னும் மோசம். ஒருபக்கம் முர்டாக், மறுபக்கம் கெர்ரி பாக்கர். 1997இல் ஒரே நாட்டில் இரண்டு ரக்பி லீக் தொடர்கள் நடந்தன, ஒன்றில் 12 அணி, மற்றொன்றில் 10. ரசிகர்கள் வெறுத்துப்போனார்கள். 1998இல் சமாதானமாகி ஒரே லீக் ஆனது, 20 அணிகள். அது அதிகம் என்று 2000க்குள் 14 ஆகக் குறைத்தார்கள். வெட்டுப்பட்டதில் சிட்னியின் பழம்பெரும் கிளப்பான சவுத் சிட்னியும் ஒன்று. மக்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள், வழக்கும் நடந்தது. 2002இல் அந்த அணி திரும்பி வந்தது.

நம் ஊரிலும் ஒரு குட்டிச் சண்டை நடந்தது. 2019இல் நியூ கபடி ஃபெடரேஷன் என்ற அமைப்பு போட்டிக்கு ஒரு லீக் நடத்தியது. சென்னை பெயரிலும் ஓர் அணி இருந்தது. ஆனால் ஆஸ்திரேலியா மாதிரி போர் எல்லாம் ஆகவில்லை. அங்கே இரண்டு பக்கமும் பெரிய டிவி முதலாளிகள் இருந்தார்கள், இங்கே ஒரு பக்கம்தான். பெரிய சேனல் எந்தப் பக்கம் நின்றதோ அதுதான் ‘கபடி’ ஆச்சு.

முதலாளியும் அப்புறம் மாறினார். 2019இல் ஸ்டார் டிஸ்னியிடம் போனது. 2024இல் ரிலையன்ஸோடு இணைந்து ஜியோஸ்டார் ஆனது. இத்தனை கைமாற்றத்தில் கபடி ஆடுபவரையோ பார்ப்பவரையோ யாரும் எதுவும் கேட்கவில்லை. சொத்து கைமாறும்போது அதிலுள்ள மாமரத்தைக் கேட்பதில்லையே.

சென்னை அணியின் ஊர் எது?

2017 மே மாதம் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 தமிழ் சேனல் வந்தது. ஜூலையில் ஐந்தாவது சீசன் தொடங்கியபோது 8 அணி 12 ஆனது, புது அணிகளில் ஒன்று தமிழ் தலைவாஸ். பங்குதாரர்களில் ஒருவர் சச்சின் டெண்டுல்கர், விளம்பரத் தூதர் கமல்ஹாசன். ஒரு மொழிச் சேனல், அதே மொழிக்கு ஓர் அணி, இரண்டும் ரெண்டு மாச இடைவெளியில். இது தற்செயல் என்று நினைக்க எனக்கு மனசு வரவில்லை. தமிழில் வர்ணனை வந்த பிறகு வீட்டுப் பெண்களும் தாத்தாக்களும் விதிகளைச் சரளமாகப் பேச ஆரம்பித்தது உண்மை. ‘கில்லி’யும் ‘வெண்ணிலா கபடிக்குழு’வும் கபடியின் வீரத்தைச் சொன்னது. போனஸ் கோடு எது, லாபி எது என்று சொல்லிக்கொடுத்தது டிவி.

ஆனால் ஒரு விஷயம். 2022 சீசனின் லீக் சுற்று பெங்களூரு, புனே, ஹைதராபாத்தில் நடந்தது. 2024 சீசன் ஹைதராபாத், நொய்டா, புனேயில். இரண்டிலும் சென்னையில் ஒரு மேட்ச் கூட இல்லை. செலவுக் கணக்கில் இது நியாயம்தான். பன்னிரண்டு ஊருக்கு கேமரா, விளக்கு, மேட் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அலைவதை விட மூன்று ஊரில் முடிப்பது லாபம். டிவியில் பார்ப்பவனுக்கு எந்த ஊர் அரங்கமாக இருந்தாலும் ஒன்றுதான். நேரு உள்விளையாட்டரங்கத்துக்கு அம்பத்தூரிலிருந்து ரயில் ஏறிப் போக நினைப்பவனுக்குத்தான் வித்தியாசம். ரக்பி பிரீமியர் லீக்கில் இது உச்சம். 2025 ஜூனில் முதல் கோப்பையை வென்றது சென்னை புல்ஸ். மேட்ச் எல்லாமே மும்பையில். சென்னை ஒரு கோப்பை ஜெயித்ததே சென்னையில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சீசன் எந்த மாசம் என்பதும் அப்படித்தான். 2014, 2015இல் ஜூலை-ஆகஸ்ட். 2016இல் ஒரே வருஷத்தில் இரண்டு சீசன். 2018இல் அக்டோபரில் ஆரம்பித்து அடுத்த ஜனவரி வரை. 2023இல் டிசம்பர் முதல் மார்ச் வரை. 2025இல் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. பொங்கல் என்றால் ஊர்க் கபடி என்பது நமக்குத் தெரியும். ப்ரோ கபடிக்கு அப்படி ஒரு மாசம் இன்னும் அமையவில்லை. கிரிக்கெட்டும் மற்ற போட்டிகளும் விட்டுவைத்த இடத்தில் அது உட்காருகிறது.

பெண்கள் ஆட்டத்துக்கு அந்த இடமும் இல்லை. 2016இல் மூன்று அணிகளோடு பெண்கள் கபடி சேலஞ்ச் நடத்தினார்கள். இறுதிப் போட்டி 24-23 என்று ஒரே புள்ளியில் முடிந்தது. டிவிக்கு இதை விட நல்ல மேட்ச் எங்கே கிடைக்கும்? ஆனாலும் அடுத்த வருஷம் அது வரவில்லை. 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்தியப் பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தார். ஏலத்தில் விலை போவதற்கு அவருக்கு இன்னும் அப்படி ஒரு லீக் கிடையாது.

என்ன மிஞ்சும்?

டிவி ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது என்று புலம்புவதற்காக இதை எழுதவில்லை. டூ ஆர் டை நல்ல விதி. எங்க பக்கம் மண் களத்தில் நடக்கும் டோர்னமென்ட்டிலேயே பசங்க ‘டூ ஆர் டைடா, போ’ என்று கத்துகிறார்கள். யாரும் திணிக்கவில்லை, நல்லா இருப்பதால் எடுத்துக்கொண்டார்கள். நல்ல விதி சேனல் தாண்டி வாழும்.

இன்னொரு பக்கம், சேனலை மட்டும் நம்பி நிற்பது எதுவோ அது சேனலோடு போகும். இங்கிலாந்தில் சேலஞ்ச் கோப்பை இறுதிப் போட்டியை இலவச சேனல்களுக்கு வாய்ப்பில்லாமல் விற்கக் கூடாது என்று சட்டப் பட்டியலிலேயே வைத்திருக்கிறார்கள். ஒரு ஆட்டம் ஊர்ப் பொதுச் சொத்தும் கூட என்பதற்கு அரசாங்கம் வைத்த முத்திரை அது. நம்மிடம் 2007இல் வந்த சட்டம் தேசிய முக்கியத்துவம் உள்ள போட்டிகளைத் தூர்தர்ஷனோடு பகிரச் சொல்கிறது. தனியார் லீக்குகள் அதன் எல்லைக்குள் இல்லை.

ஃப்ளட்லிட் டிராஃபி 1980இல் நின்றுபோனது. கோப்பை இல்லை, அந்த நிகழ்ச்சி இல்லை. ஆறு டேக்கிள் இருக்கிறது, மைதானங்களில் நட்ட விளக்குக் கம்பங்கள் அப்புறமும் வெளிச்சம் கொடுத்தன. ப்ரோ கபடி ஒருநாள் நின்றால் 30 நொடியும் டூ ஆர் டையும் நம்மிடம் மிஞ்சும். மேட் போட்ட களம் அம்பத்தூரிலும் ஆவடியிலும் எத்தனை மிஞ்சும், அதில் பெண்கள் ஆட எத்தனை சாயங்காலம் மிஞ்சும் என்பதை எந்தச் சேனலும் கணக்கில் வைக்காது. அந்தக் கணக்கை மாநகராட்சியிடமும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்திடமும் நாமதான் கேட்கணும்.